கோமதிக்கு ஒரு மூக்குப்பட்டை

கணேசமூர்த்தி அண்ணாச்சி குதிரை வாங்கிவிட்டார் என்ற செய்தி உஸ்மான் ரோட்டில் பரவியபோது பாதிப் பேர் நம்பவில்லை, நம்பின பாதிப் பேர் சிரித்தார்கள். சிரிக்க மாட்டார்களா பின்னே? அறுபதைத் தாண்டிய மனிதர், ஜவுளிக்கடை முதலாளி, தொந்தி வேறு. பெண்டாட்டி போன இரண்டு வருஷத்தில் ஒருவர் காசிக்குப் போவார், இன்னொருவர் கோயில் கமிட்டியில் சேர்ந்து மற்றவர்கள் உயிரை வாங்குவார். இவர் என்னவென்றால், ரேஸில் ஓடி ஓய்ந்த ஒரு செவலைக் குதிரையை வாங்கி, பெருங்குடியில் ஐ.டி. கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கிற ஒரு குதிரைப் பயிற்சிப் பள்ளியில் கட்டிவைத்து, தினமும் காலையில் போய் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டு வருகிறார்.

ரேஸில் அதன் பெயர் கோல்டன் மார்ஜின். மார்ஜின் என்று லாபத்தின் பெயரைக் கேட்டதும் அண்ணாச்சி மயங்கிவிட்டார் என்று கடை ஆட்கள் முதுகுக்குப் பின்னால் கேலி பேசினார்கள். அவர் அந்தப் பெயரைச் சட்டையே செய்யவில்லை. கோமதி என்று கூப்பிட்டார். கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்த்தாள்.

பயிற்சிப் பள்ளிக்குச் சீருடைத் துணி காட்டப் போன இடத்தில்தான் அவளைப் பார்த்தார். லாயத்தின் அரைக்கதவுக்கு மேலே தலையை நீட்டி, முன்பின் தெரியாத மனிதரின் தோளில் மூக்கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டாள். நடந்தது அவ்வளவுதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பெண்டாட்டி பேச்சியம்மாள் போன பிறகு அவரை யாரும் தொட்டதில்லை. நிஜமாகவே தொட்டதில்லை, முடி வெட்டுகிறவரைத் தவிர. மருமகள் அனுப்ரியா நல்ல பெண், வேளாவேளைக்குக் காபியை மேஜையில் வைத்துவிடுவாள். மகன் முத்துகிருஷ்ணன் நல்ல பிள்ளை, இனிமேல் நீங்கள் கஷ்டப்பட வேண்டாம் என்று கடையில் அவர் நாற்காலியையே எடுத்து மாடியில் போட்டுவிட்டான். எல்லோரும் நல்லவர்கள். அந்த நல்ல வீட்டில் அவர் ஒரு நாள் பூராவும் பேசுகிற பேச்சை எழுதினால் ஒரு விசிட்டிங் கார்டில் அடங்கிவிடும். மனிதர் தனியாக இருந்தார். அதை யாரிடமும் சொல்லத் தெரியாமல் இருந்தார். குதிரைக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"ஏட்டி, என்ன அப்படிப் பாக்க? நேத்து வந்தவன்தான இன்னைக்கும் வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே காலையில் லாயத்துக்குள் நுழைவார். கோமதி தோளில் மூக்கை வைப்பாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் தி.நகரிலிருந்து பெருங்குடி வரை அந்த நெரிசலில் போனார் என்று சொன்னால் பொய்யில்லை.

இந்தக் கோமதிக்கு ஒரு கெட்ட பழக்கம். கடிவாளத்தைக் கொஞ்சம் இழுத்தாலும் போச்சு, வாயை ஆவென்று திறந்து, தாடையைக் கோணிக்கொண்டு, வாயிலிருக்கிற இரும்பை ஏமாற்றிவிட்டுத் தன் இஷ்டத்துக்கு ஓடுவாள். ஒரு நாள் அப்படி ஓடி வேலியோரமாக அண்ணாச்சியின் முழங்காலைத் தேய்த்துவிட்டாள். பயிற்சி கொடுக்கிற சிந்து ஆதம்பாக்கத்துப் பெண், கறாரானவள். ஓடி வந்து கடிவாளத்தைப் பிடித்தாள்.

"சார், இப்படியே போனா நான் உங்கள இவமேல ஏத்த மாட்டேன். நோஸ்பேண்ட் ஒண்ணு போட்டுப் பாப்போம். மூக்கைச் சுத்தி வர்ற பட்டை, வாயை ரொம்பத் தெறக்க விடாது. ரெண்டு வாரம் டைம் குடுங்க. அந்த சனிக்கிழமை பாத்துட்டு, இவ உங்களுக்கு சரிப்பட்டு வருவாளா மாட்டாளான்னு சொல்றேன்."

முழங்கால் காயத்தை வீட்டில் மறைக்க முடியவில்லை. முத்துகிருஷ்ணன் இதற்காகவே காத்திருந்த மாதிரி பிடித்துக்கொண்டான்.

"அப்பா, நான் தப்பா சொல்லலை. ஓசூர் பக்கம் ஒரு பண்ணை இருக்காம், வயசான குதிரைங்களை நல்லா பாத்துப்பாங்களாம். நீங்க விழுந்து எதுனா ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"அந்தப் பிள்ள சிந்து வேண்டாம்னு சொல்லட்டும், மறுபேச்சு பேசாம அனுப்பிருதேன்" என்றார் அண்ணாச்சி.

வாய் முந்திக்கொண்டது. வியாபாரி சொன்ன சொல், திரும்ப வாங்க முடியாது. படுக்கையில் போய் உட்கார்ந்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார். கோமதி ஓசூருக்குப் போய்விட்டால் காலையில் எழுந்து எங்கே போவது? எழுந்திருப்பதே எதற்கு?

அடையாறில் ஒரு மாடியில் குதிரைச் சாமான் விற்கிற கடை இருக்கிறது. கடைக்காரர் ஃபராஸ், நாற்பது வயதிருக்கும், நிதானமான ஆள். அண்ணாச்சி கேட்டதும் மேஜைமேல் வரிசையாக எடுத்துப் போட்டார். மூக்கைச் சுற்றி ஒரே பட்டையாக வருவது. அதற்குக் கீழே மெல்லிசாக இன்னொரு வார் சேர்த்து, வாயையும் சேர்த்துக் கட்டுவது. குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி போட்ட மாதிரி போவது. ரொம்பக் கீழே இறங்கி மூக்குத் துவாரத்துக்குப் பக்கத்தில் உட்காருவது.

"அது வேண்டாம் சார்" என்றார் ஃபராஸ் கடைசிப் பட்டையைக் காட்டி. "கட்டத் தெரிஞ்சவங்க கட்டணும். ஒரு இஞ்ச் எறங்கினா மூச்சு முட்டும்."

வாழ்நாள் பூராவும் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, புடவையை விரித்து விரித்துக் காட்டிய மனிதர், இன்றைக்கு இந்தப் பக்கம் நின்றார். ஒவ்வொரு பட்டையையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நெருடிப் பார்த்தார். மடக்கினார், விட்டார். ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தார். கடை டியூப்லைட் எப்படியெல்லாம் பொய் சொல்லும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

சேலை எடுக்க யாரும் தனியாக வரமாட்டார்கள். அக்காவோ நாத்தனாரோ பக்கத்து வீட்டுக்காரியோ கூட வருவார்கள், எடுப்பது ஒன்று என்றாலும் வாய் நாலு இருக்கும். தனியாக வருகிறவர்களை அண்ணாச்சிக்குப் பார்த்ததுமே தெரியும். முதலில் காட்டியதையே சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இல்லாவிட்டால் கடையையே விரித்துப் போட்டுவிட்டு, கடைசியில் விற்கிறவன் முகத்தைப் பார்த்து, நல்லாருக்கா என்று கேட்பார்கள். கேட்கும்போது அவர்கள் குரல் கொஞ்சம் இறங்கிப்போகும். கடை ஆட்களுக்கு அவர் சொல்லி வைத்திருந்தார், அந்த நேரத்தில் சட்டென்று பதில் சொல்லாதீர்கள், இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று.

உள்பக்கம் அரக்கு நிறத்தில் மெத்தை வைத்துத் தைத்த அகலமான ஒற்றைப் பட்டை ஒன்று அவருக்குப் பிடித்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் யாரும் இல்லை.

"நல்லாருக்கா?" என்று ஃபராஸைக் கேட்டார்.

"சூப்பரா இருக்கு சார்" என்றார் ஃபராஸ், மொபைலிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு எடுத்தார். எடுத்து ஒழுங்காகவே சொன்னார். "கன்னத்து எலும்பு முடியுதுல்ல, அதுக்குக் கீழ ரெண்டு விரல் தள்ளி உக்காரணும். கட்டின பெறகு மூக்கெலும்பு நடுவுல ரெண்டு விரல் விட்டுப் பாருங்க, தாராளமா போகணும். பக்கவாட்டுல விட்டுப் பாக்காதீங்க, அங்க சதை. எவ்ளோ இறுக்கினாலும் விரல் போகும்."

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு யோசனை வந்தது. அது வராமலே இருந்திருக்கலாம்.

பேச்சியம்மாள் இருந்தவரை அந்த வீட்டுக்குள் எந்தப் புதுப்பொருளும் சும்மா நுழைந்ததில்லை. மிக்ஸி வந்தால் சந்தனம் குங்குமம். பிரிட்ஜ் வந்தால் சந்தனம் குங்குமம். முத்துகிருஷ்ணன் காலேஜுக்கு வாங்கின லேப்டாப் மூடியில் நட்டநடுவில் வைத்ததற்கு, அவன் இரண்டு நாள் அவளிடம் பேசாமல் இருந்தான். "பேசாட்டா போறான், பொருள் நல்லா உழைக்கும்லா" என்றாள் அவள். அவள் போன பிறகு வந்த பொருள்களெல்லாம் அட்டைப் பெட்டியிலிருந்து நேராக வேலைக்குப் போய்விட்டன. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும்தான்.

இன்றைக்குத் தோன்றியது. கோமதி இருப்பதும் போவதும் இந்த ஒரு பட்டையில் இருக்கிறதே, இதை எப்படிச் சும்மா போடுவது?

வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, கை கால் கழுவிக்கொண்டு பூஜை அறைக்குள் போனார். சந்தனப் பொடியைக் குழைத்தார். கடையில் வாங்கின பாக்கெட் குங்குமம், தோலில் ஒட்டவில்லை, உதிர்ந்தது. நல்லெண்ணெய் விட்டுக் குழைத்தார். வெளிப்பக்கம் வைக்கப் போன கை நின்றது. சிந்து பார்த்தால் என்ன நினைப்பாள்? குதிரையைப் பார்த்துக்கொள்ளும் வலியுல்லா பார்த்தால்? பக்கத்தில் பேச்சியம்மாள் இருந்திருந்தால், "பாக்கவன் பாக்கட்டும், உங்களுக்கென்ன?" என்று பிடுங்கி அவளே வைத்திருப்பாள். அவள் இல்லை. பட்டையைத் திருப்பி, உள்பக்கத்து மெத்தையில், மூக்கெலும்பு படுகிற இடத்தில் மூன்று பொட்டு வைத்தார். பழக்கமில்லாத கை, பெரிசு பெரிசாக விழுந்தது. சந்தனம் வெள்ளையாகத் தெரியாமலிருக்க அதன்மேல் குங்குமத்தை அப்பி மூடினார். அரக்கு நிறத்தில் அது இருக்கிற இடமே தெரியவில்லை.

திருட்டுத்தனம் செய்த மாதிரி வெட்கமாக இருந்தது. அதோடு, ரொம்ப நாளைக்கப்புறம் வீட்டில் ஒரு நல்ல காரியம் நடந்த மாதிரி நிறைவாகவும் இருந்தது.

மறுநாள் பட்டையை யார் கையிலும் கொடுக்காமல் அவரே மாட்டினார். கன்னத்து எலும்புக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி வைத்தார். முகவாய்க்கு அடியில் வாரைக் கொக்கியில் மாட்டினார். மூக்கெலும்புமேல் விரலை விட்டுப் பார்த்தார்.

"யார் வெரலு கணக்கு?" என்று வலியுல்லா கேட்டார். அவர் கிண்டி ரேஸ்கோர்ஸில் பல வருஷம் இருந்தவர், விரல்கள் ஒவ்வொன்றும் மொந்தன் வாழைக்காய். "என் வெரலு பூந்துச்சுன்னா சிந்து மேடம் கையே பூந்துரும். பாத்துக்க அண்ணாச்சி."

"என் விரல்தான் கணக்கு" என்று சிந்து வந்து தன் விரலை விட்டாள். போயிற்று. "பர்ஃபெக்ட் சார். ஏறுங்க."

அன்றைக்குக் கோமதி வாயைத் திறக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, கல்யாணப் பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தாள். மெதுவோட்டம்கூட ஓடினாள். அண்ணாச்சிக்கு இறங்க மனசில்லை. சதுப்பு நிலத்துப் பக்கமிருந்து வந்த குப்பைக்கிடங்கு நாற்றம்கூட அவருக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னார். "இன்னைக்குக் கோமதி ரொம்ப ஒழுங்கா இருந்தா."

"ம்" என்றான் முத்துகிருஷ்ணன்.

இவர் உள்ளுக்குள் என்ன நினைத்தார் தெரியுமா? பட்டை பாதி, பொட்டு பாதி என்று நினைத்தார். கடையில் கல்லாவுக்கும் துணி அளக்கிற கோலுக்கும் வெள்ளிக்கிழமைதோறும் புதுப்பொட்டு வைப்பது வழக்கம். இதற்கு மட்டும் எதற்குக் குறை வைக்க வேண்டும்? தோலுக்கு எண்ணெய் போட வேண்டும், நானே துடைத்துக்கொள்கிறேன் என்று வலியுல்லாவிடம் சொல்லிவிட்டுப் பட்டையைத் தினமும் வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார். சாயங்காலம் மடியில் போட்டுக்கொண்டு வெளிப்பக்கத்தைப் பளபளவென்று துடைப்பார். உள்பக்கத்தைத் தொடமாட்டார், சாமி சமாசாரம். வெள்ளிக்கிழமை வந்ததும் காய்ந்து மண்மாதிரி ஆகியிருந்த பழைய பொட்டின்மேலேயே புதிதாக அப்பினார். கையில் செய்ய ஒரு வேலை இருந்தது. அதுவே அவருக்குப் பெரிசாக இருந்தது.

கோமதி தலையை உதறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். முதலில் ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு உதறல். பிறகு மைதானத்தில் பாதிச் சுற்றில் நின்று, முன்னங்காலில் மூக்கைத் தேய்த்தாள். மறுநாள் பழையபடி வாயைத் திறந்தாள், முன்னைவிட அதிகமாகத் திறந்தாள்.

"லூசாயிடுச்சு போல" என்றாள் சிந்து. "புதுத்தோல் கொஞ்சம் நீளும். ஒரு ஓட்டை இறுக்குங்கண்ணா."

வலியுல்லா இறுக்கினார். மூக்குமேல் மயிர் கொஞ்சம் தேய்ந்திருந்ததை அவரும் பார்த்தார். "புது அயிட்டம், ஒரசத்தான் செய்யும். பயக்கமாய்டும்" என்றார். அண்ணாச்சியும் பார்த்தார், கண்ணாடி போடாமல் பார்த்தார். செவலை உடம்பில் சிவப்பு எங்கே தெரியப்போகிறது?

இன்னொரு சமாசாரமும் நடந்தது. அதை அவர் மட்டும்தான் கவனித்தார், யாரிடமும் சொல்லவில்லை. காலையில் அவர் உள்ளே நுழைந்தால் கோமதி தலையை உயரத் தூக்கிக்கொண்டாள். தோளில் வைக்கவில்லை. "ஏட்டி, என்ன கோவம்?" என்று கேட்டார். காதைப் பின்னால் மடக்கினாள். தூக்கம் சரியில்லையாக்கும், கொசுத்தொல்லையாக்கும் என்று ஏதேதோ சொல்லித் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். வேறு என்ன செய்வார் பாவம்?

சிந்து கெடு வைத்த அந்தச் சனிக்கிழமை வந்தது. வீட்டில் கொடுத்த வாக்கைச் சிந்துவிடம் முன்பே சொல்லியிருந்த அண்ணாச்சி சாப்பிடாமல் போனார். கடிவாளத்தையும் பட்டையையும் எடுத்துக்கொண்டு லாயத்துக்குள் போனதுதான் தாமதம், கோமதி பின்வாங்கிப் பின்வாங்கிச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றாள். உடம்பு பூராவும் நடுங்கியது. அவர் கையை நீட்டியதும் தலையை வீசினாள். அடி அவர் தோளில் விழுந்து, மூக்கு வைக்கிற அதே தோளில் விழுந்தது, அவர் கதவில் போய்ச் சாய்ந்தார்.

சிந்து உள்ளே வந்தாள். அவரை வெளியே நிறுத்திவிட்டு, வலியுல்லாவைத் தலைக்கயிற்றைப் பிடிக்கச் சொல்லி, கோமதியின் மூக்கைக் கிட்டத்தில் பார்த்தாள். பஞ்சை நனைத்து மெதுவாக ஒற்றி எடுத்தாள். மயிர் போய், தோல் உரிந்து, குறுக்கே வீங்கியிருந்தது. பஞ்சு முழுக்கச் சிவப்பு.

"எவ்ளோ ரத்தம் பாருங்க" என்றாள் வலியுல்லாவிடம். "உங்களை ஒரு ஓட்டை இறுக்கச் சொன்னா, எத்தனை இறுக்குனீங்க? அந்தக் கையால இழுத்தா என்னாவும்னு தெரியாதா? இத்தனை வருஷம் குதிரை பாத்து என்ன பிரயோஜனம்? இன்னைக்கே நான் ஆபீஸ்ல சொல்லிடப்போறேன்."

"ஒண்ணுதான் மேடம் இறுக்குனேன். சத்தியமா ஒண்ணுதான்" என்றார் வலியுல்லா. அதற்குமேல் அவருக்கும் நிச்சயமில்லை, தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அண்ணாச்சி பஞ்சைப் பார்த்தார். கதவுக்கு வெளியே நின்றுதான் பார்த்தார், அந்த வெளிச்சம் போதும். ரத்தம் இப்படிப் பரவாது. ஓரத்தில் இளஞ்சிவப்பாகக் கசிந்து, நடுவில் கருஞ்சிவப்பாகத் திட்டு நிற்கிறதே, இது சாயம். சாயம் போகிற துணியை எத்தனை நனைத்துப் பார்த்திருப்பார்? எங்கள் கடையில் சாயமே போகாது என்று எத்தனை பேருக்குச் சத்தியம் செய்திருப்பார்? அவர் வைத்த குங்குமம் கோமதியின் வேர்வையில் ஊறி, தினமும் அவள் தோலைத் தின்றிருக்கிறது. காய்ந்த சந்தனம் உப்புத்தாள் மாதிரி அறுத்திருக்கிறது. இவர் அதன்மேல் இன்னும் அப்பியிருக்கிறார், வெள்ளிக்கிழமை என்று.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. இறுக்கிக் கட்டினதுதான் காரணம் என்று முடிந்துபோகும். வலியுல்லா திட்டு வாங்குவார், வேலைகூடப் போகும். சொன்னால், சிந்து என்ன சொல்வாள்? இப்படிப்பட்ட ஆளிடம் குதிரையை விடக்கூடாது என்பாள். ஓசூர்தான். இதெல்லாம் ஒரு மூச்சுவிடுகிற நேரத்தில் அவருக்குள் ஓடியது.

"அவரை ஏம்மா வையுத" என்றார். "நான்தான். அது ரத்தம் மட்டுமில்ல. குங்குமம்."

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவர் கையிலிருந்த பட்டையைத் திருப்பிக் காட்டினார். சிந்து வாங்கி நகத்தால் சுரண்டினாள், பொடிப்பொடியாக உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கத்தவில்லை.

"பூஜை போட்டீங்களா சார்?"

"ஆமாம்மா."

"அத ஏன் உள்பக்கம் வெச்சீங்க?"

பட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வெளிய வெச்சா நீங்கல்லாம் சிரிப்பீங்கன்னு."

"சிரிச்சிருப்போம் சார்" என்றாள் சிந்து. "அவ்ளோதான? சிரிச்சுட்டு நானே ஒரு முழம் பூவும் சுத்திவிட்டிருப்பேன்."

அண்ணாச்சிக்கு அந்த இடத்தில்தான் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளக் கை வரவில்லை, விரலெல்லாம் சிவப்பு.

சிந்துவின் தீர்ப்பு அன்றைக்கே வந்துவிட்டது. "கோமதிமேல தப்பே இல்ல சார். இவ்ளோ வலியிலயும் உங்களக் கீழ தள்ளலை பாருங்க, இவளை எங்கயும் அனுப்ப வேணாம். உங்க வீட்ல நானே பேசறேன். காயம் ஆறட்டும். நோஸ்பேண்டே வேணாம், நீங்க கடிவாளத்தைப் பிடிச்சுத் தொங்கறதை நான் சரி பண்றேன், அவ வாயை மூடிப்பா."

ஜெயித்துவிட்டார். கோமதி எங்கேயும் போகப்போவதில்லை. அந்தச் சந்தோஷத்தில் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்து, "ஏட்டி, கேட்டியா?" என்று கதவோரம் நின்றார். அந்தக் குரல் கேட்டதும் கோமதி தின்றுகொண்டிருந்த புல்லை விட்டுவிட்டு மூலைக்குப் போய், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அப்புறமும் தினமும் போனார். வலியுல்லாதான் மருந்து போட்டார். அவர் கைக்குக் கோமதி மூக்கைக் கொடுத்தாள், அவர் நீட்டின கேரட்டை வாங்கினாள். அதே கேரட்டை அண்ணாச்சி நீட்டினால் மூலை. வெல்லம் கொண்டுபோனார், மூலை. சட்டையை மாற்றிப் பார்த்தார், விபூதி பூசாமல் போய்ப் பார்த்தார், சோப்பை மாற்றிப் பார்த்தார். குதிரையை ஏமாற்ற முடியுமா? "மறந்துரும் அண்ணாச்சி. அதுக்கு டைம் ஆவும். நீ டென்சன் ஆவாத" என்றார் வலியுல்லா. அண்ணாச்சிமேல் வலியுல்லாவுக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லை. அதுவும் அண்ணாச்சிக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

பேசினால் அவள் தின்பதை நிறுத்திவிடுகிறாள் என்று தெரிந்த பிறகு பேச்சை விட்டார். பக்கத்தில் போனால் நடுங்குகிறாள் என்று தெரிந்த பிறகு எதிரே இருக்கிற வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். அங்கே நின்றால் அவருக்கு அவள் தெரிவாள், அவளுக்கு இவர் தெரியமாட்டார். அவள் ஒழுங்காகத் தின்று முடிக்கிறவரை நின்றுவிட்டுக் கிளம்புவார். வீட்டில் கேட்டால் நல்லா இருக்கா என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துகிருஷ்ணன் தானும் வருவதாகச் சொன்னான். சிந்து போனில் என்ன பேசினாளோ தெரியாது. கார் ஓட்டிக்கொண்டு வந்தான். வழி பூராவும் கடைக்கணக்கு பேசினான். பள்ளிக்குள் வந்ததும் நேராக லாயத்துப் பக்கம் நடந்தான். அண்ணாச்சி பழக்கப்படி மரத்தடியிலேயே நின்றுவிட்டார்.

கோமதி அரைக்கதவுக்கு மேலே தலையை நீட்டினாள். முத்துகிருஷ்ணன் முதலில் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். பிறகு கிட்டே போனான். அவள் அவன் சட்டையை முகர்ந்தாள், காதை முகர்ந்தாள், பிறகு மூக்கை அவன் தோளில் வைத்து ஒரு பெருமூச்சு விட்டாள். மரத்தடி வரைக்கும் கேட்டது. மூக்குமேல் காயம் ஆறி, அந்த இடத்தில் மயிர் வெள்ளையாக முளைத்திருந்தது.

முத்துகிருஷ்ணன் ஆடாமல் அசையாமல் நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, தோளை அசைக்காமல் முகத்தை மட்டும் திருப்பினான். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்த முகம், அண்ணாச்சி அதைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"அப்பா, என்னப்பா இது, இவ்ளோ சமத்தா இருக்கு? இதையா நான் அனுப்பச் சொன்னேன்? இங்கயே இருக்கட்டும்பா. நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உங்களோட வரேன்." மூச்சுவிடாமல் பேசினான். "ஏன் அங்கயே நிக்கிறீங்க? இங்க வாங்க, வந்து தொட்டுப் பாருங்க."

அண்ணாச்சி ஒரு அடி எடுத்து வைத்தார். கோமதியின் காது திரும்பியது. எடுத்த காலைப் பின்னால் வைத்துவிட்டார்.

"நீ தடவுடே" என்றார், அவளுக்குக் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்தி. "எனக்கு இங்கேருந்தே தெரியுது."